கம்ப்யூட்டர் அறையில் சி டிரைவ் நிறைந்துபோனால் எதை அழிக்கலாம்?

மொரீஷியஸில் ஃபிளாக் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் கம்ப்யூட்டர் அறையில் 20 மெஷின். எல்லாவற்றிலும் 256 ஜிபி எஸ்எஸ்டி. கிரேடு 9, 10, 12 பிள்ளைகள் தைப்பூசக் காவடியைப் பற்றித் தமிழில் ஐந்து நிமிட ஆவணப்படம் செய்கிறார்கள். எடிட்டிங்குக்குப் பிரீமியர் புரோவும் டாவின்சி ரிசால்வும் போட்டிருக்கிறோம். மூன்றே வாரத்தில் சி டிரைவ் சிவப்பாகிவிட்டது. இடமில்லை என்று சொல்லி எடிட்டிங் பாதியில் நிற்கிறது. காலையில் லாகின் ஆகவே பத்து நிமிடம் பிடிக்கிறது. எல்லா மெஷினையும் ஃபார்மட் செய்துவிடுங்கள் என்கிறார் எங்கள் தலைமை ஆசிரியரான ரெக்டர். ஏதாவது க்ளீனர் மென்பொருள் போட்டால் போதாதா?"

ஐயா, ஃபார்மட்டும் வேண்டாம், க்ளீனரும் வேண்டாம். இந்த இரண்டும் பிள்ளைகளின் வேலையையும் குப்பையையும் ஒன்றாக வாரிக்கொண்டு போகும். உங்கள் அறையில் நடந்திருப்பது என்னவென்றால், எடிட்டிங் மென்பொருள்கள் தாங்களாகவே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே கேஷ் ஃபைல்களைக் குவித்துவிட்டன. அந்த இடம் வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் சரி, இருபது பேர் மாறி மாறி உட்காரும் பள்ளிக் கம்ப்யூட்டருக்குச் சரிப்படாது. இடத்தை மாற்றிவிட்டால் அழிப்பது பிறகு பயமில்லாத வேலை. நானும் ஒரு தமிழாசிரியைதான். கம்ப்யூட்டர் அறையின் சாவி எட்டு வருடமாக என் கைப்பையில் கிடப்பதால், "மிஸ், ஒர்தினாத்தேர்-லா ப்ளேன்!" என்று கத்திக்கொண்டு வரும் பிள்ளைகளுக்குப் பதில் சொல்வதும் என் வேலையாகிவிட்டது. (கம்ப்யூட்டர் நிறைந்துவிட்டது என்று கிரியோலில் சொல்கிறார்கள்.)

முதலில் கேஷ் என்றால் என்ன என்பதை உங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் விதத்திலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீட்டு விசேஷத்துக்கு ஏழு கறி சமைக்கிறோம். சந்தையில் வாங்கி வந்த காய்கறி, போனில் எடுத்த வீடியோ. எந்தக் கறிக்கு எது, எவ்வளவு, எந்த வரிசை என்று பாட்டி சொல்லும் பக்குவம், ப்ராஜெக்ட் ஃபைல். சமையல் வேகமாக நடக்க வேண்டுமென்று முதல் நாள் இரவே அரைத்து வைக்கும் மசாலா இருக்கிறதே, அதுதான் கேஷ். இலையில் பரிமாறிய சாப்பாடு, எக்ஸ்போர்ட் செய்த வீடியோ. மசாலாவைக் கொட்டிவிட்டால் மறுபடி அரைக்கலாம், நேரம் போகும், அவ்வளவுதான். பாட்டியின் பக்குவம் போனால் போனதுதான். கஷ்டம் என்னவென்றால், கம்ப்யூட்டரில் இந்த நான்கும் பல நேரம் ஒரே அலமாரியில், ஒரே மாதிரி டப்பாவில் இருக்கும்.

இந்த மசாலா எவ்வளவு இடம் பிடிக்கும்? பிரீமியரில் ஒரு வீடியோவை உள்ளே இழுத்ததும் வலது கீழ் மூலையில் ஒரு சின்னப் பட்டை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். போன் வீடியோவின் ஒலி சுருக்கப்பட்ட ஒலி. பிரீமியர் அதை விரித்து, 32 பிட் வடிவத்தில், சிஎஃப்ஏ என்ற பின்னொட்டோடு தனி ஃபைலாக எழுதிக்கொள்கிறது. கணக்குப் போடுங்கள்: நொடிக்கு 48,000 மாதிரி, ஒவ்வொன்றும் 4 பைட், இடம் வலம் என இரண்டு தடம். பெருக்கினால் நொடிக்கு 3,84,000 பைட். நிமிடத்துக்கு 23 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1.4 ஜிபி. இத்தனையும் ஒலிக்கு மட்டும், அதுவும் ஒரு முறைக்கு. இதோடு ஒலி அலையைப் படமாகக் காட்டுவதற்கு பெக் என்று இன்னொரு சின்ன ஃபைல்.

ஒரு மணிக்கு 1.4 ஜிபி பெரிய தொகை இல்லையே என்று தோன்றும். வீட்டில் அப்படித்தான். பள்ளியில் ஒரு மெஷினில் மூன்று வகுப்புகளிலிருந்து ஆறு பிள்ளைகள் தனித்தனிப் பெயரில் லாகின் ஆகிறார்கள். காவடி ஊர்வலத்தின் அதே ஒன்றரை மணி நேர வீடியோவை ஆறு பேரும் திறக்கிறார்கள். கேஷ் ஒவ்வொரு பயனரின் ப்ரொஃபைலுக்குள்ளும், அதாவது அவரவர் பெயரில் விண்டோஸ் வைத்திருக்கும் ஃபோல்டருக்குள்ளும், தனித்தனியாகப் போகிறது. ஒருவர் அரைத்த மசாலாவை அடுத்தவர் எடுக்க முடியாது. ஆறு பேர் சேர்ந்து 12 ஜிபிக்கு மேல், ஒரே ஒலியை ஆறு தடவை விரித்து வைத்திருக்கிறார்கள்.

ரிசால்வின் ரெண்டர் கேஷ் இதைவிடப் பெரிய பகாசுரன். அது படத்தையே எழுதி வைக்கிறது, டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்ற கனமான வடிவத்தில். முழு எச்டி அளவில் உயர் தரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஒரு நிமிடப் படத்துக்கே ஒரு ஜிபியைத் தாண்டும். பிள்ளை நிறத்தைக் கொஞ்சம் மாற்றினால் புதிதாக மறுபடி எழுதும். பழையது தானாகப் போகாது, யாராவது அழிக்கும்வரை அங்கேயே கிடக்கும். நிறம் மாற்றி விளையாடுவதில் பதினான்கு வயதுப் பையனுக்கு அலுப்பே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆனால் கேஷ் மேல் எல்லாப் பழியையும் போடுவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். ஐபோனில் 1080பி, நொடிக்கு 30 ஃபிரேம், பழைய எச்264 வடிவம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 130 எம்பி என்று ஆப்பிளே அமைப்புத் திரையில் எழுதியிருக்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு 11.7 ஜிபி. ஆறு பிள்ளைகளும் அதைத் தங்கள் டெஸ்க்டாப்பில் நகலெடுத்து வைத்தால் 70 ஜிபி. 256 ஜிபி என்று விற்கப்படும் எஸ்எஸ்டி விண்டோஸில் 238 ஜிபி என்றுதான் தெரியும். விண்டோஸும் மென்பொருள்களும் அதில் பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும். எங்கள் அறையில் நான் முதல்முறை ட்ரீசைஸ் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்த்தபோது முதலிடம் பிடித்தது கேஷ் இல்லை, "காவடி ஃபைனல்", "காவடி ஃபைனல் 2", "காவடி ஃபைனல் நிஜம்" என்ற பெயர்களில் கிடந்த ஒரே வீடியோ. அதனால் எதையும் தொடுவதற்கு முன் ட்ரீசைஸோ வின்டிர்ஸ்டாட்டோ ஓட்டி, எந்த ஃபோல்டர் எவ்வளவு என்று ஒரு மெஷினிலாவது பாருங்கள். அட்மின் உரிமையோடு ஓட்டினால்தான் மற்றவர்களின் ப்ரொஃபைல்கள் கணக்கில் வரும்.

இப்போது அந்தப் பத்து நிமிட லாகின். நீங்கள் சொல்லவில்லை, ஆனாலும் உங்கள் பள்ளியில் ரோமிங் ப்ரொஃபைல் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதாவது பிள்ளை எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் தன் டெஸ்க்டாப் தன்னோடு வரும் ஏற்பாடு. அது எப்படி வருகிறது? லாகின் ஆகும்போது சர்வரிலிருந்து ப்ரொஃபைல் இறங்குகிறது, வெளியேறும்போது மாறியதெல்லாம் திரும்ப ஏறுகிறது. விண்டோஸில் ஆப்டேட்டா என்ற மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள் லோக்கல், ரோமிங் என்று இரண்டு உண்டு. லோக்கலில் இருப்பது பயணம் போகாது. ரோமிங்கில் இருப்பது போகும். பிரீமியர் தன் மீடியா கேஷை வைத்திருக்கும் வழக்கமான இடம் எது தெரியுமா? ரோமிங்குக்குள், அடோபி, அதற்குள் காமன். ரிசால்வோ தன் கேஷ்கிளிப் ஃபோல்டரைப் பயனரின் வீடியோஸ் ஃபோல்டரில் வைக்கிறது, அதுவும் ப்ரொஃபைலின் பகுதிதான்.

ஆக, காலையில் 20 பிள்ளைகள் ஒரே நேரத்தில் பாஸ்வேர்டை அடித்ததும், ஒவ்வொருவரின் 3 ஜிபி கேஷும் ஒரே கம்பி வழியாக இறங்கப் பார்க்கிறது. சர்வருக்குப் போகும் இணைப்பு ஒரு கிகாபிட் என்றால் நடைமுறையில் நொடிக்கு 110 எம்பி. இருபதால் வகுத்தால் ஆளுக்கு ஐந்தரை எம்பி. 3 ஜிபிக்கு ஒன்பது நிமிடம். நாற்பது நிமிட பீரியடில் கால் பங்கு வட்டம் சுற்றுவதைப் பார்ப்பதிலேயே கழிகிறது. நெட்வொர்க்கை மேம்படுத்த வேண்டும் என்று யாராவது எஸ்டிமேட் கொடுத்தால், அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைச் சரிபாருங்கள். எல்லாப் பயனருக்கும் பொதுவாக விதி போடும் விண்டோஸின் குரூப் பாலிசியில், யூசர் ப்ரொஃபைல்ஸ் பகுதியில், ரோமிங் ப்ரொஃபைலில் சேர்க்க வேண்டாத ஃபோல்டர்களைக் குறிப்பிடும் விதி ஒன்று இருக்கிறது. அடோபியின் மீடியா கேஷ் ஃபோல்டர்களையும் கேஷ்கிளிப்பையும் அதில் எழுதினால் அவை பயணம் போவது நிற்கும். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனுக்கு இது அரை மணி நேர வேலை.

இனி நான் செய்த பிழையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் ரெக்டர் சொல்வதைக் கேட்டால் நீங்களும் அதையே செய்வீர்கள்.

2023 பிப்ரவரி. மாதத் தொடக்கத்தில் காவடி முடிந்து, கிரேடு 10 பிள்ளைகள் எடிட்டிங்கில் இருந்தார்கள். ஃபிரெடி புயல் நெருங்குகிறது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், மெஷின்களை அணைத்து பிளக்கைப் பிடுங்கி, பிளாஸ்டிக் போட்டு மூடுவதற்காக நான் மட்டும் அறையில் இருந்தேன். சி டிரைவ் எல்லாவற்றிலும் நிறைந்திருந்தது. ப்ராஜெக்ட்டை டி டிரைவில்தான் சேமிக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அதனால் ப்ரொஃபைலில் இருப்பதெல்லாம் குப்பைதான் என்ற தைரியத்தில், பிள்ளைகளின் உள்ளூர் ப்ரொஃபைல்களை ஒவ்வொன்றாக அழித்தேன். எங்களுக்கு ரோமிங் இல்லை, சர்வரில் நகலும் இல்லை. ஒவ்வொரு மெஷினிலும் 40, 50 ஜிபி திரும்பக் கிடைத்தது. பெருமையாக வீட்டுக்குப் போனேன். திங்களன்று புயல் தீவின் வடக்கே கடந்து போனது.

பள்ளி திறந்ததும் பிரீமியரில் வேலை செய்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரிசால்வில் வேலை செய்த பதினொரு பேருக்கு ப்ராஜெக்ட் பட்டியல் வெறுமையாக இருந்தது. ரிசால்வில் பிரீமியரைப் போலக் கண்ணுக்குத் தெரியும் ப்ராஜெக்ட் ஃபைல் கிடையாது. அது எல்லா ப்ராஜெக்ட்டையும் தனக்கென்று ஒரு ப்ராஜெக்ட் லைப்ரரியில் வைத்துக்கொள்கிறது, அந்த லைப்ரரி வழக்கமாக இருப்பது பயனரின் ஆப்டேட்டா ரோமிங்குக்குள். பிள்ளைகள் டி டிரைவில் சேமித்ததாக நினைத்தது வீடியோக்களை மட்டும். ஒரு பெண், காவடி எடுத்த தன் பாட்டியிடம் பேட்டி எடுத்திருந்தாள். பாட்டி பேசியது கிரியோல். அதற்குத் தமிழில் சப்டைட்டில், 140 வரி, தமிழ் கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தது. அவள் அழவில்லை. "பரவாயில்லை மிஸ், வீடியோ இருக்குல்ல" என்றாள். அதற்கு அழுதிருக்கலாம்.

அதிலிருந்து எங்கள் அறையில் ரிசால்வில் வேலை செய்பவர்கள் ஒவ்வொரு பீரியட் முடிவிலும் ப்ராஜெக்ட் மேனேஜரில் வலது கிளிக் செய்து, எக்ஸ்போர்ட் கொடுத்து, டிஆர்பி ஃபைல் ஒன்றைத் தங்கள் ஃபோல்டரில் போட வேண்டும். சில எம்பிதான், ஒரு நிமிடம்கூட ஆகாது. அதில் வீடியோ இருக்காது, பாட்டியின் பக்குவம் மட்டும் இருக்கும். அந்த ஒரு வழக்கம் வந்த பிறகுதான் நான் துணிந்து எதையும் அழிக்கிறேன்.

பிரீமியரில் இதற்கு இணையான கண்ணி, ஆட்டோ சேவ் என்ற ஃபோல்டர். அது ப்ராஜெக்ட் பக்கத்தில், வீடியோ ப்ரிவியூஸ், ஆடியோ ப்ரிவியூஸ் ஃபோல்டர்களோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும், பெயரும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். ப்ரிவியூஸ் இரண்டையும் அழிக்கலாம். ஆட்டோ சேவைத் தொடாதீர்கள். மின்சாரம் போய் ப்ராஜெக்ட் ஃபைல் கெட்டுப்போகும் நாளில் அதுதான் கைகொடுக்கும், இடமும் அதிகம் பிடிக்காது.

சரி, ஏற்பாட்டுக்கு வருவோம். ஒவ்வொரு மெஷினிலும் டி என்று ஒரு பகுதி வேண்டும். இரண்டாவது டிஸ்க் போட முடிந்தால் மிகவும் நல்லது. காசில்லையென்றால் இருக்கும் எஸ்எஸ்டியையே பிரித்துக்கொள்ளலாம், வேகம் கூடாது, ஆனால் கேஷ் நிறைந்தாலும் விண்டோஸ் மூச்சுத் திணறாது. எழுத்து எல்லா மெஷினிலும் டி-யாகவே இருக்கட்டும். ஒன்றில் டி, ஒன்றில் இ என்று இருந்தால், இடம் மாறி உட்கார்ந்த பிள்ளைக்குப் பிரீமியர் "மீடியா எங்கே?" என்று கேட்கும், கேஷும் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

டி-யில் மூன்றே ஃபோல்டர். "மூலம்" என்பதில் எல்லோருக்கும் பொதுவான வீடியோக்கள், ஆசிரியர் மட்டும் போடலாம், பிள்ளைகள் படிக்க மட்டும். அந்த 70 ஜிபி நகல் தொல்லை இதோடு முடிந்தது. "வேலை" என்பதில் வகுப்புவாரியாக, ஆளுக்கொரு ஃபோல்டர். ப்ராஜெக்ட், ப்ரிவியூஸ், ஆட்டோ சேவ், டிஆர்பி எல்லாம் இங்கே. "கேஷ்" என்பதில் மசாலா மட்டும். பெயரைத் தமிழில் வைக்க எனக்கும் ஆசைதான், ஆனால் சில பழைய மென்பொருள்கள் தமிழ் எழுத்துள்ள பாதையைப் பார்த்தால் மிரளும் என்பதால் டிஸ்க்கில் ஆங்கில எழுத்தில்தான் வைத்திருக்கிறேன். சுவரில் ஒட்டிய தாளில் தமிழ்.

பிரீமியரில் ப்ரிஃபரன்சஸ், மீடியா கேஷ் என்று போனால், கேஷ் ஃபைல்களுக்கும் கேஷ் டேட்டாபேஸுக்கும் இடம் காட்டலாம். இரண்டையும் டி-யின் கேஷ் ஃபோல்டருக்கு மாற்றுங்கள். மூல வீடியோவுக்குப் பக்கத்திலேயே சிஎஃப்ஏ, பெக் ஃபைல்களைச் சேமி என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் இருக்கக் கூடாது. இருந்தால் பிள்ளையின் பென் டிரைவுக்குள்ளும் கேஷ் போய் உட்காரும். ரிசால்வில் ப்ராஜெக்ட் செட்டிங்ஸ், மாஸ்டர் செட்டிங்ஸ், கீழே வொர்க்கிங் ஃபோல்டர்ஸ். அங்கே கேஷ் இடத்தை மாற்றலாம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இருந்தால் அதன் டிஸ்க் கேஷுக்குத் தனி வரம்பு உண்டு, அதைப் பத்து ஜிபிக்குக் குறைத்துவிடுங்கள்.

இந்த அமைப்பு ஒவ்வொரு பயனருக்கும் தனி, ரிசால்வில் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் தனி. நீங்கள் அட்மினாக ஒருமுறை மாற்றினால் பிள்ளைகளுக்கு மாறாது. எனக்கும் முதலில் இது எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது முதல் வகுப்பின் முதல் ஐந்து நிமிடப் பாடமே அதுதான்: எல்லோரும் ப்ரிஃபரன்சஸ் திறங்கள், கேஷை டி-க்கு அனுப்புங்கள், பக்கத்தில் இருப்பவர் திரையைச் சரிபாருங்கள். தமிழில் சொல்லித் தருகிறேன், தமிழ்ப் பாட நேரமும் வீணாகவில்லை என்று சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

ஒலிக்கான கேஷ் ஃபோல்டரை எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்தலாம், யாருக்கும் அதில் பார்க்க ஒன்றுமில்லை. எல்லோருக்கும் எழுதவும் அழிக்கவும் உரிமை கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முதலில் வந்தவர் உண்டாக்கிய ஃபைலில் இரண்டாமவர் முட்டிக்கொள்வார். படம் சம்பந்தப்பட்ட ப்ரிவியூவும் ரெண்டர் கேஷும் வேறு விஷயம். ப்ரிவியூ ஃபைல்களை இரண்டு முறை கிளிக் செய்தால் பெரும்பாலும் சாதாரண வீடியோ போல ஓடும். காவடிப் படத்தில் அலகு குத்திய உடம்பு இருக்கும், அருள் வந்து ஆடும் பெரியவர் இருப்பார், பக்கத்தில் பால்குடம் சுமந்த சின்னப் பிள்ளை இருக்கும். பிள்ளை இறுதிப் படத்திலிருந்து அந்தக் காட்சியை மரியாதையாக நீக்கியிருப்பாள், ப்ரிவியூவில் அது அப்படியே கிடக்கும், அடுத்த வகுப்பு பையன் திறந்து பார்ப்பான். மொரீஷியஸின் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 16 வயதுக்குக் குறைந்தவரின் தனிப்பட்ட விவரத்தைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. இறுதி வீடியோவுக்கு ஒப்புதல் தாள் வாங்குகிறோம், சரி. கேஷில் கிடப்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. அதனால் படச் சம்பந்தமானவை அவரவர் "வேலை" ஃபோல்டருக்குள், அந்தப் பிள்ளையும் ஆசிரியரும் மட்டும் திறக்கும் உரிமையோடு. ரிசால்வின் கேஷையும் அங்கேயே காட்டச் சொல்கிறேன்.

பென் டிரைவிலிருந்தே நேராக எடிட் செய்யும் பிள்ளைகள் உங்களிடமும் இருப்பார்கள். தடுத்துவிடுங்கள். பாதியில் பிடுங்கினால் ப்ராஜெக்ட் போகும், வேகமும் வராது. டி-க்கு நகலெடுத்து வேலை செய்து, போகும்போது ப்ராஜெக்ட்டை மட்டும் பென் டிரைவுக்கு எடுத்துப் போகட்டும். பழைய எஃப்ஏடி32 வடிவத்தில் இருக்கும் பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது என்பதையும் சொல்லி வையுங்கள். "டிரைவில் இடம் இருக்கு, ஆனா ஏற மாட்டேங்குது மிஸ்" என்பதற்கு இதுதான் காரணம்.

எப்போது அழிப்பது? தினமும் அழிப்பதுதான் சுத்தம் என்று நினைக்கும் டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள். தினமும் அழித்தால் ஒவ்வொரு பீரியடிலும் எல்லாப் பிள்ளையின் ஒலியும் மறுபடி விரிய வேண்டும், இருபது மெஷினும் விசிறி கதற ஓடும், ஒலி அலை வருவதற்குள் மணி அடித்துவிடும். கேஷ் இருப்பதே அந்த நேரத்தை மிச்சப்படுத்தத்தான்.

பிரீமியருக்குள் தானாக அழிக்கும் வசதி உண்டு. வழக்கமாக அது அணைந்தே இருக்கும். இயக்கினால் 90 நாளுக்கு மேற்பட்டதை அழிக்கட்டுமா என்று கேட்கும், அல்லது டிஸ்க்கில் 10 சதவீதத்தைத் தாண்டினால் பழையதை அழிக்கட்டுமா என்று கேட்கும். வீட்டுக்கு இது போதும். பள்ளிக்கு இதில் ஓர் ஓட்டை இருக்கிறது: அந்தப் பயனர் பிரீமியரைத் திறந்தால்தான் அது நடக்கும். பள்ளியை விட்டுப் போன மாணவர் திரும்பி வந்து பிரீமியரைத் திறக்கப் போவதில்லை. ப்ரொஃபைலில் விட்டிருந்தால் அவர்களின் கேஷ் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். கேஷ் பொது ஃபோல்டருக்கு வந்துவிட்டால் இந்தப் பேயை ஓட்டுவது சுலபம். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் ஃபோர்ஃபைல்ஸ் கட்டளையை வைத்து, டி-யின் கேஷ் ஃபோல்டரில் மட்டும், 30 நாளுக்கு முந்தைய ஃபைல்களை வெள்ளி மாலை அழிக்கச் சொல்கிறேன். முதல் வாரம் அழிக்க விடாமல், எதை அழிக்கப் போகிறது என்று பட்டியலிட மட்டும் விட்டுப் பாருங்கள். பாதையில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால் அது "வேலை" ஃபோல்டருக்குள் புகுந்துவிடும்.

ஏன் 30, ஏன் 7 இல்லை? அந்தக் கட்டளை ஃபைல் கடைசியாக மாற்றப்பட்ட தேதியைப் பார்க்கிறது. ஒலிக் கேஷ் ஒருமுறை எழுதப்பட்ட பிறகு மாறுவதே இல்லை, தினமும் பயன்பட்டாலும் அதன் தேதி முதல் நாளாகவே இருக்கும். 7 என்று போட்டால் நடந்துகொண்டிருக்கும் வேலையின் கேஷும் வாராவாரம் போகும். எங்கள் ஆவணப்பட வேலை நான்கு வாரம். அதற்கு ஏற்றது 30. உங்களுடையது நீளம் என்றால் கூட்டிக்கொள்ளுங்கள்.

அவசரத்துக்குக் கையால் அழிப்பதென்றால் ஃபோல்டருக்குள் போகாதீர்கள், மென்பொருளின் பொத்தானையே அழுத்துங்கள். பிரீமியரில் ப்ராஜெக்ட் எதுவும் திறக்காமல், முகப்புத் திரையில் இருந்தபடி ப்ரிஃபரன்சஸ் போனால் எல்லாக் கேஷையும் அழிக்கும் தேர்வு வரும். ப்ராஜெக்ட் திறந்திருந்தால் பயன்படாததை மட்டும்தான் அழிக்கும், "அழிச்சேன், இடம் வரலையே" என்ற குழப்பம் இதனால்தான். ரிசால்வில் ப்ளேபேக் மெனுவில் டிலீட் ரெண்டர் கேஷ். அதே மெனுவில் ரெண்டர் கேஷ் "ஸ்மார்ட்" என்று இருந்தால் "நன்" என்று மாற்றுங்கள். ஐந்து நிமிடப் படத்துக்கு இவ்வளவு முன்யோசனை தேவையில்லை, மெஷின் திணறினால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். கேப்கட் என்ற எடிட்டிங் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு அதன் செட்டிங்ஸிலேயே கேஷ் அளவும் அழிக்கும் பொத்தானும் இருக்கும். அதன் டிராஃப்ட்டுகளும் ப்ரொஃபைலில்தான் இருக்கின்றன, ரிசால்வுக்குச் சொன்ன எச்சரிக்கை அதற்கும் பொருந்தும்.

டிரைவை உறைய வைக்கும் டீப் ஃப்ரீஸ் மென்பொருளைப் போட்டால் எல்லாம் தீரும் என்று யாராவது சொல்வார்கள். மெஷினை மறுபடி இயக்கினாலே பழைய நிலைக்குத் திரும்பிவிடும், கேஷும் போய்விடும், உண்மைதான். உறையாத டிரைவ் ஒன்றை ஒதுக்கி "வேலை" ஃபோல்டரை அதில் வைக்காவிட்டால் பிள்ளைகளின் படமும் சேர்ந்தே போகும், ஃபிரெடி இல்லாமலே. ஒழுங்காகப் பிரித்து வைத்த அறையில் அது நல்ல கருவி.

அடுத்த வருடம் எடுக்கும்போதே குறைத்துவிடுங்கள். 4கே வேண்டாம். 1080பி, 30 ஃபிரேம் போதும், பள்ளி மண்டபத் திரையில் வித்தியாசம் தெரியாது. ஐபோன்காரர்களை "மோஸ்ட் கம்பேட்டிபிள்" என்பதற்கு மாற்றச் சொல்லுங்கள். ஃபைல் பெரிதாகும், ஆனால் பழைய மெஷின்கள் எச்இவிசி என்ற புதிய வீடியோ வடிவத்தைப் பிரிக்கத் திணறுவதைவிட இது நல்லது. ஊர்வலத்தை ஒருவர் முழுதாக எடுக்கட்டும், எல்லோரும் அவரவர் போனில் அதே மேளத்தை ஒன்றரை மணி நேரம் எடுத்து வருவதில் அர்த்தமில்லை. கோர் தே கார்ட் மலையடிவாரத்தில் போன முறை எங்கள் பிள்ளைகளில் எட்டுப் பேர் ஒரே படிக்கட்டில் வரிசையாக நின்று ஒரே காவடியை எடுத்துக்கொண்டிருந்தார்கள்!

திங்கட்கிழமை உங்களுக்கு அவசர வேலை இரண்டுதான். ஒன்று, ரெக்டரிடம் ஃபார்மட்டை விடுமுறை வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள். இரண்டு, எந்த மெஷினில் எந்தப் பிள்ளை ரிசால்வில் வேலை செய்கிறார் என்று பெயர் எழுதி வாங்கி, அவர்கள் எல்லோரையும் டிஆர்பி எக்ஸ்போர்ட் செய்ய வையுங்கள். ஃபைல் உண்டானதை நீங்களே கண்ணால் பார்த்து டிக் போடுங்கள், "செஞ்சுட்டேன் சார்" என்பதை நம்பாதீர்கள். அதற்குப் பிறகு பிரீமியர் கேஷை ப்ராஜெக்ட் திறக்காமலும், ரிசால்வ் ரெண்டர் கேஷை அந்தந்த ப்ராஜெக்ட்டைத் திறந்தும் அழித்தால் சிவப்பு நீலமாகும். டி பகுதியைப் பிரிப்பதும் பாலிசி மாற்றுவதும் அந்த வாரத்துக்குள் டெக்னீஷியனோடு உட்கார்ந்து செய்யலாம். ட்ரீசைஸ் என்ன காட்டியது என்று எழுதுங்கள், முதல் ஐந்து ஃபோல்டரின் பெயரும் அளவும் போதும். அங்கேயும் "காவடி ஃபைனல் நிஜம்" இருக்கிறதா என்று பார்க்க எனக்கு ஆவலாக இருக்கிறது.